இடது கைக்காரி

அத்தியாயம் 3

செங்கம் ரோட்டில் மாடியில் இருந்த எழில் டிடெக்டிவ் ஆபீசுக்குப் படியேறி வருகிறவர்கள் இரண்டு வகை. காணாமல் போனவரைத் தேடி வருகிறவர்கள் ஒன்று. கீழே இருக்கும் காபிக் கடைக்கு வழி தெரியாமல் ஏறி வந்துவிடும் வெள்ளைக்காரர்கள் இன்னொன்று. இரண்டாவது வகையைக் காசி பார்த்துக்கொள்வார். "இந்த ஊருக்கு வர்ற பாதிப் பேரு தன்னைத் தேடிக்கினு வர்றாங்க மேடம். கேசை நம்மகிட்ட குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிக் குடுத்துடலாம்," என்பார்.

காசிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் இதே ஊரில் ஆட்டோ ஓட்டியவர், இப்போது எழிலரசிக்கு உதவியாளர். ஆட்டோவும் கூடவே வந்துவிட்டது, வாயும் வந்துவிட்டது. எழிலரசிக்கு முப்பத்தொன்பது. அவள் தொழிலில் இறங்கிய நாள் முதல் ஓடிப்போன புருஷன்கள் பதினொரு பேரைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய சொந்தப் புருஷன் ஆதவன் இரண்டு பெட்டிகளோடு வீட்டை விட்டுப் போனான். அந்தப் பெட்டிகளை ஒரு மாதமாகக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக் கட்டியிருக்கிறான். அவள் கவனிக்கவில்லை. விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று ஊர் பேசியது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எதுவுமே வரவில்லை என்பதுதான் உண்மை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தினமும் காலையில் காசி டீ வாங்கி வந்து மேஜையில் வைப்பார். அவள் முதல் வாய் குடிக்கும்வரை நகராமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எப்படி இருக்கிறது என்று கேட்பார். இருக்கிறது என்பாள். அப்புறம்தான் காசி நகர்வார். ஏன் தினமும் கேட்கிறார் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அன்றைக்குப் பத்து மணிக்கு முதல் வகையில் இருவர் வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் சக்கரபாணி, அவர் மனைவி அருணாதேவி. சக்கரபாணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர். கிராமம் கிராமமாகப் போய் மூட்டை பிடித்து, தன் குட்டியானை லோடு வண்டியில் எண்ணெய் மில்லுக்குக் கொண்டு போய்ப் போடுவார். அருணாதேவி கையில் சணல் சாக்கை வெட்டித் தைத்த ஒரு பை. ஓரமெல்லாம் பச்சை நைலான் நூல். வீட்டு மூட்டைகளில் கிழிந்ததையெல்லாம் அந்த நூலால் தைக்கிறவளும் அவள்தானாம்.

உட்கார்ந்ததும் அருணாதேவி புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அந்த அமைதியை எழிலரசி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நம்ம ஜாதி, மரத்துப்போனவர் என்று நினைத்தாள். ஒரு துப்பறிகிறவள் செய்யக்கூடாத தவறு அது. ஆனால் அது மத்தியானம்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

அருணாதேவி சொன்னது இவ்வளவுதான். ஒரே மகள் கவிநிலா, இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு ஆரி வேலை கற்றுக்கொண்டாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜாக்கெட்டுக்கு ஜரிகையும் முத்தும் வைத்துத் தைக்கிற வேலை. அதைப் போனில் படம்பிடித்து 'நிலா ஆரி' என்று ஒரு சேனல் வைத்திருந்தாள். அருணாதேவி தன் அண்ணன் மகனுக்கு அவளைப் பேசி முடித்தாள். கவிநிலா மாட்டேன் என்றாள். வாய் வார்த்தை முற்றியது. மறுநாள் விடியும்போது பொண்ணு இல்லை. ஒரு தோள் பையும் ஊசி டப்பாவும் போனும் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். போன் நம்பர் அணைந்துவிட்டது. இன்றைக்குப் பதினெட்டாம் நாள்.

போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொண்ணு மேஜர், சேனலில் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு லைவ் போய்க்கொண்டிருக்கிறது, உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறாள், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"லைவ் வருதுன்னா அப்புறம் என்னம்மா கவலை?" என்றாள் எழிலரசி.

அருணாதேவி தன் போனில் நேற்றைய லைவைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு பெண். முகம் தெரியவில்லை, குரலும் இல்லை. இரண்டு கைகள், இழுத்துக் கட்டிய சிவப்புத் துணி, ஊசி துணியைக் குத்தும் டக் டக் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க எட்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே கமென்டில், 'இடது கை அக்கா சூப்பர்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"இந்தக் கை என் பொண்ணு கை இல்ல மேடம். விரலு அவ விரலு மாதிரியேதான் இருக்குது. ஆனா அவ பொறந்ததுலேர்ந்து வலது கைக்காரி. இவ இடது கையில ஊசி புடிக்கிறா."

வேறு யாருக்காவது சேனலைக் கொடுத்திருக்கலாமே என்று எழிலரசி கேட்டாள். வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறாராம். 'அது அவ இல்ல, வேற யாரோ, சேனலைக் குடுத்துட்டு எங்கயாவது நல்லா இருப்பா, நீ தேடாதே' என்று.

"அவ குடுக்க மாட்டா. உசுரு இருக்கிற வரைக்கும் அதை யாருக்கும் குடுக்க மாட்டா," என்றாள் அருணாதேவி. பிறகு பையின் பச்சை நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ராத்திரி நான் அவளை செத்துத் தொலைன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சி. அந்தச் சம்பந்தத்தை மூணாம் நாளே நான் வேணாம்னு சொல்லிட்டேன், இவருக்குக்கூடத் தெரியாது. நீங்க அவளைக் கூட்டிக்கினு வர வேணாம். நான் சொன்ன வார்த்தை பலிச்சிடுச்சா இல்லியான்னு மட்டும் கண்டுபிடிச்சி சொல்லுங்க."

இதைச் சொல்லும்போது அவள் கண் காய்ந்துதான் இருந்தது. அழுகை வரமாட்டேன் என்கிறது, சோறு இறங்கமாட்டேன் என்கிறது, அவருக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்க வேண்டுமே என்றுதான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன் என்றாள்.

ஜன்னலோரம் நின்றிருந்த காசி எழிலரசியை மெல்லக் கூப்பிட்டுக் கீழே காட்டினார். டீக்கடை பெஞ்சில் சக்கரபாணி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டு.

"பொண்ணு காணாம பதினெட்டு நாளு. மனுஷன் சட்னி ஜாஸ்தி கேட்டு வாங்குறாரு மேடம்," என்றார் காசி, அருணாதேவிக்குக் கேட்காதபடி.

துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்றாள் எழிலரசி. அப்படியானால் தன் மச்சான் பிறந்ததிலிருந்து துக்கத்தில்தான் இருக்கிறான் என்றார் காசி.

சக்கரபாணி மேலே வந்து, சரக்கு ஏற்றப் போக வேண்டும், சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன் என்றார். அருணாதேவி பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். என்ன சொன்னார்கள், கிடைத்துவிடுவாளா என்று எதுவும் கேட்கவில்லை. எழிலரசி அதையும் மரத்துப்போன கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

*

அருணாதேவியை உள்ளறையில் பெஞ்சில் படுக்கச் சொல்லிவிட்டு இருவரும் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தார்கள். லைவ் முடிந்ததும் அது வீடியோவாகச் சேனலிலேயே தங்கிவிடும். கவிநிலா போன நாலாம் நாளிலிருந்து வரிசையாகப் பதினாலு இருந்தன.

பழைய வீடியோக்களையும் பார்த்தார்கள். அவை கீழ்பென்னாத்தூர் வீட்டில் எடுத்தவை. தட்டுமுட்டுச் சாமான், மிக்சி சத்தம், வலது கை. புதியவை வேறு ரகம். முன்னாலிருந்து வட்ட விளக்கு வெளிச்சம் விழுகிறது. வெளிச் சத்தம் சுத்தமாக இல்லை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் இரண்டு புளியமரம், நடுவில் துண்டு ரோடு, மேலே மலை.

"தைக்கிறவ எவளாவது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காருவாளா?" என்றார் காசி. "எங்க வீட்டுல பட்டன் தைக்கவே என்னை வாசல்லேர்ந்து தள்ளிட்டு அந்த இடத்துல உக்காருவா."

நல்ல கேள்விதான். மலை தெரிய வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் மலையைச் சுற்றி ஏதோ ஒரு வீடு. எந்தப் பக்கம் என்று எழிலரசி கேட்டாள். காசிக்கு அது அவமானமாகிவிட்டது. இந்த ஊர் மலைக்குப் பக்கத்துக்கு ஒரு முகம். கண்ணைக் கட்டிக் கொண்டு போய் எங்கே விட்டாலும், மலையைப் பார்த்தே கிரிவலப் பாதையில் எந்த லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். இப்போது போனைத் தூரம் வைத்தும் கிட்டம் வைத்தும் பார்த்தார்.

"இந்த மலையை நான் பாத்ததே இல்ல மேடம். நம்ம மலை மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. யாரோ மலையோட தம்பிய கூட்டியாந்து நிக்க வெச்சிருக்காங்க."

எழிலரசி போனைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். போன பௌர்ணமி அன்றைக்கு எடுத்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எட்டாயிரம் பேரும் கையைப் பார்த்திருப்பார்கள். அவளுக்குக் கையில் மனம் ஒட்டவில்லை. வேலை செய்கிற கையைப் பார்த்தால் பெட்டி கட்டுகிற கை நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து ஜன்னலில் பார்ப்பது போல ஒன்றும் நினைக்காமல் பார்த்தாள். ரோட்டில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. காவி வேட்டி, மஞ்சள் புடவை, தோளில் குழந்தை, எல்லோரும் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக நடந்தார்கள். பத்து நிமிஷம் பார்த்தாள். பிறகு வீடியோவை நிறுத்தினாள்.

"காசிண்ணா. கிரிவலம் போறப்போ மலை எந்தக் கைப்பக்கம் இருக்கும்?"

"வலது கைப்பக்கம். இதெல்லாம் ஒரு கேள்வியா, பச்சப்புள்ளகூட சொல்லும்."

"இவங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருக்குதுன்னு பாருங்க."

காசி பார்த்தார். கூட்டம் வலப்பக்கமாகப் போகிறது, மலை அவர்களுக்கு அந்தாண்டை. அப்படியென்றால் இடது கைப்பக்கம். காசி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா மேடம் இது, இத்தனை பேரும் திருப்பிச் சுத்துறாங்க. சேத்த புண்ணியமெல்லாம் கழிஞ்சி பூடுமே."

"ஒருத்தன் தப்பா சுத்துவான். குடிச்சிருந்தா ரெண்டு பேரு சுத்துவாங்க. ஊரே தப்பா சுத்தாதுண்ணா. ஊரு சரியாத்தான் போவுது. படம்தான் திரும்பியிருக்குது."

காசி போனைப் பிடுங்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். எழிலரசி பின்னால் போனபோது, ஆட்டோவின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள் கூட்டம் வலமிருந்து இடமாக, ஒழுங்காக நடந்தது. மலை தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய மலையாகிவிட்டது. அந்தப் பெண்ணின் ஊசி வலது கைக்கு வந்துவிட்டது.

போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில சமயம் கண்ணாடியில் பார்ப்பது போலப் படம் மாறி விழும். அதை அணைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. கமென்ட் படிப்பதற்காகத் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டவள் அதை அணைக்கவில்லை. எழுத்து எதுவும் தெரியாத படம் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"அந்தம்மாகிட்ட போய் சொல்லிடலாமா?" என்றார் காசி. குரலில் அவசரம்.

வேண்டாம் என்றாள். இது அவள் கையாக இருக்கலாம் என்பதுதான் இப்போதைக்குத் தெரியும். உலகத்தில் பாதிக்கு மேல் வலது கைக்காரர்கள்தான். நேரில் பார்க்காமல் நம்பிக்கை கொடுத்துவிட்டு, அப்புறம் பிடுங்கிக்கொண்டால் அந்தம்மாள் தாங்கமாட்டாள். பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று எழிலரசிக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

"மலை எந்தப் பக்கம்ணா?"

"அடி அண்ணாமலை. கோயில் தாண்டி கொஞ்ச தூரம். ரெண்டு புளியமரம், நடுவுல ஒரு குழாய். முப்பது வருஷமா அங்கதான் தண்ணி புடிச்சிக் குடிக்கிறேன்," என்றார் காசி. இதற்குள் ஆட்டோ கிளம்பியிருந்தது.

*

வெயில் உச்சியில் இருந்தது. பௌர்ணமி இல்லாத நாளில் அடி அண்ணாமலைக் கடைகள் பாதி தூங்கிக்கொண்டுதான் இருக்கும். புளியமரங்களுக்கு எதிரே மூன்று மாடி வீடுகள். இரண்டில் ஜன்னல்கள் திறந்து கிடந்தன, துணி காய்ந்தது. நடு வீட்டு மாடியில் மட்டும், இந்த வேகாத வெயிலில், கண்ணாடி இறுக்கிச் சாத்தியிருந்தது. ஏசி இருப்பதற்கான பெட்டியும் வெளியே இல்லை. கீழ்க் கடையில் சோடா குடித்துக்கொண்டே காசி விசாரித்தார். தன் சம்சாரத்துக்கு ஜாக்கெட்டில் முத்து வைக்க வேண்டும், அறுபதாம் கல்யாணம் என்று அளந்தார். கடைக்காரி மாடியைக் காட்டினாள். அந்தப் பொண்ணு நன்றாகத் தைக்கும், ஆனால் வெளியே வராது என்றாள்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் போட்டோவே தேவைப்படவில்லை. அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது. எழிலரசி தான் யார் என்று சொன்னாள். கவிநிலா பயப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. வாங்க அக்கா என்று உள்ளே விட்டாள்.

ஒற்றை அறை. அதை ஸ்டூடியோவாக மாற்றியதில் காசு குறைச்சல், மூளை ஜாஸ்தி. எதிரொலி வராமல் இருக்க மூன்று சுவரிலும் சாக்கு தொங்கியது. கதவின் அடி இடுக்கில் பழந்துணி சுருட்டி அடைத்திருந்தது. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. கரண்டு போனால் நெட் போகாமல் இருக்க ஒரு குட்டி பேட்டரி. போன் ஸ்டாண்டு அசையாமல் இருக்க அதன் கால்களை மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. லைவ் ஓடும் ஒரு மணி நேரமும் காத்தாடியை நிறுத்திவிட வேண்டுமாம், ஊசிச் சத்தத்தில் அது கலந்துவிடும் என்றாள்.

காசி அந்தக் கயிற்றின் முடிச்சைக் குனிந்து பார்த்தார். எழிலரசி சாக்குகளை எண்ணினாள். பதினாறு. கிழிசல் எல்லாம் தைத்திருந்தது, பச்சை நைலான் நூலில்.

பதினாறு சாக்கைத் தோள் பையில் போட்டுக்கொண்டு ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போக முடியாது.

"லோடு கட்டுற முடிச்சி மேடம்," என்றார் காசி. "குட்டியானைக்காரங்க போடுறது."

மூலையில் கழுவாத டிபன் கேரியர் இருந்தது. காலையில் மேஜை மேல் கைமாறிய அதே கேரியர். எழிலரசிக்கு பஜ்ஜி நினைவுக்கு வந்தது. மனுஷன் துக்கத்தில் சாப்பிடவில்லை, பசியில் சாப்பிட்டிருக்கிறார். பதினெட்டு நாளாகத் தன் சோற்றை மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் வயிற்றை நிரப்பியிருக்கிறார். காணாமல் போன பொண்ணைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்காததற்குக் காரணம், பதில் அவரிடமே இருந்தது. எட்டு மாதமாக மரத்துப்போனவள், வாயை மூடியிருந்தவரையெல்லாம் மரத்துப்போனவர் என்று நம்பியிருக்கிறாள். தன் மேல் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்றைக்கு ராத்திரி நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாதான் விடியற்காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார் என்றாள் கவிநிலா. கல்யாணப் பேச்சு அடங்கும்வரை இருக்கட்டும் என்று. இடது கை விஷயம் முதலில் அவளுக்கே தெரியாது. கமென்டைப் பார்த்துத்தான் படம் திரும்பி விழுவதைக் கண்டுபிடித்தாள். மாற்றலாம் என்று நினைத்தபோது அப்பா வந்து, ஊரில் யாரோ பார்த்துவிட்டு இது நம்ம கவி இல்லை, இடது கைக்காரி என்று சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். நல்லதாகப் போயிற்று, மாமா வீட்டு ஆட்கள் தேடி வரமாட்டார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

"அப்புறம் ஏம்மா மலையைக் காட்டிக்கினு உக்காந்த?" என்றார் காசி.

அவள் ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள். "அம்மா பாப்பாங்கன்னு. ஊரு ஏமாந்தாலும் அம்மாவுக்கு என் கை தெரியும்னு நினைச்சேன். தூரமாப் போவலன்னு தெரியட்டும்னு."

"உங்கம்மா மலையைப் பாக்கலம்மா," என்றாள் எழிலரசி. "கையைத்தான் பாத்தாங்க. வேற எவளோ உன் சேனல்ல உக்காந்திருக்கா, அதனால நீ உசுரோட இல்லன்னு நினைச்சிக்கினு என் ஆபீஸ் பெஞ்சில படுத்திருக்காங்க. அவங்க சொன்ன வார்த்தை பலிச்சிடுச்சான்னு கேட்டாங்க."

கவிநிலா குத்திய ஊசியைப் பிடுங்கி மறுபடியும் அதே இடத்தில் குத்தினாள். சம்பந்தத்தை அம்மாவே முறித்துவிட்டதையும் எழிலரசி சொன்னாள். அந்தப் பொண்ணு தலையாட்டினாள், அவ்வளவுதான்.

"எனக்குக் கோவம்கூட இல்லக்கா. ஒண்ணுமே தோணல. ஊசி விரல்ல ஏறினாக்கூட ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியுது. இப்ப வீட்டுக்கு வந்தா அம்மா முகத்தைப் பாத்து நான் என்னா பேசுறது? எடத்தை மட்டும் சொல்லிடாதீங்க. கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்."

இந்த முறை எழிலரசி அடையாளத்தில் தவறவில்லை. அந்தப் பொண்ணுதான் அவள் ஜாதி. இப்படிப்பட்டவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் உடம்பு மட்டும்தான் வரும்.

"சொல்லல. ஒண்ணு மட்டும் பண்ணு. இன்னிக்கு அஞ்சரைக்கு அந்த செட்டிங்கை அணைச்சிட்டு உக்காரு," என்றாள்.

*

ஐந்தே காலுக்குச் சக்கரபாணி வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்தினார். எழிலரசி படியிறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்று, சாக்கு பதினாறு எண்ணிவிட்டேன் என்றாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பொண்டாட்டி தேடாமல் இருக்கட்டும் என்றுதான் அது வேற யாரோ என்று பொய் சொன்னேன், கோபம் தணிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்றார். சம்பந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, தானும் எடுக்கவில்லை என்றார்.

"அவங்க கோவத்துல இல்ல சார். நீங்க சொன்ன பொய்யை நம்பிட்டாங்க. காரியம் பண்ண நாள் எண்ணிக்கினு இருக்காங்க."

சக்கரபாணி வண்டிக் கதவைத் திறந்தார், இறங்கவில்லை. மூன்றாம் நாளே அந்த அம்மாள் சம்பந்தத்தை முறித்துவிட்டதைக் காசி எடுத்துச் சொன்னார். ஆளுக்கு ஒரு ரகசியத்தை மூடி வைத்துக்கொண்டு ஒரே பானைச் சோற்றை இத்தனை நாள் தின்றிருக்கிறீர்கள் என்றார். பிறகு, தின்றது அந்த அம்மாளும் இல்லை, நீங்களும் இல்லை என்று தானே திருத்திக்கொண்டார். மேலே வந்து உட்காரச் சொன்னார்கள். அவர் வரமாட்டேன் என்று தலையை அசைத்துவிட்டு, வண்டியிலேயே இருந்தார்.

மேலே அருணாதேவி பெஞ்சில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு எழிலரசி போனை அவள் கையில் கொடுத்தாள். ஒன்றும் விளக்கவில்லை.

லைவ் ஆரம்பித்தது. அதே சிவப்புத் துணி, அதே ஜன்னல். ஊசி வலது கையில் இருந்தது.

அருணாதேவி மூச்சை இழுத்துக்கொண்டாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். நூலை இழுத்ததும் சுண்டுவிரலை மடக்கிக்கொள்கிற பழக்கம், முடிச்சு போடும்போது மணிக்கட்டைச் சுழற்றுவது, எல்லாம் இப்போது அதனதன் இடத்தில் இருந்தன. கமென்டில் ஆட்கள் இடது கை அக்கா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தக் கை சட்டத்துக்கு வெளியே போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டு வந்து துணியின் ஓரத்தில் வைத்தது. முத்து போட்டு வைக்கிற கிண்ணம் போல வைத்தாள். எழிலரசி அதைச் செய்யச் சொல்லவில்லை. கேரியரின் மேல் கிண்ணம் அது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது வழக்கமாயிற்றே, அதன் விளிம்பில் பொடி எழுத்தில் பேர் வெட்டியிருந்தது. படம் திரும்பாததால் எழுத்தும் நேராக விழுந்தது. அருணாதேவி.

அவள் தன் பேரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். குட்டியானையின் கதவு திறந்திருந்தது. சக்கரபாணி தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அருணாதேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினெட்டு நாள் அழுகை, நிற்க நேரமாயிற்று. எழிலரசி பக்கத்தில் நின்றாள், தொடவில்லை.

எங்கே இருக்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்கவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

"நாளைலேர்ந்து சோறு ஜாஸ்தியா கட்டணும் மேடம்," என்றாள். "அந்த மனுஷன் கடை பஜ்ஜி தின்னு தின்னே வயித்தைக் கெடுத்துக்கினாரு."

வண்டி கிளம்பிப் போனதும் காசி இரண்டு டீ வாங்கி வந்தார். வழக்கம்போல ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றார். எழிலரசி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்து டம்ளருக்குள் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, சர்க்கரையே போடல?"

காசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு மாசமா போடல மேடம்," என்றார்.